எல்லைக் கல்லும் நாலாவது ஆளும்

திண்டுக்கல்லில் மதுரை பஸ் ஏறியதிலிருந்து மாயம்மாள் கைக்கடிகாரத்தைப் பதினேழு தடவை பார்த்துவிட்டாள். எண்ணியது அவள் அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை பொன்னழகு.

"இன்னும் வாடிப்பட்டியே வரல, அதுக்குள்ள பதினேழு. மதுரை போறதுக்குள்ள முள்ளு தேஞ்சுரும்க்கா."

"டீச்சர்னு சொல்லு," என்றாள் மாயம்மாள்.

கல்லூரி வேலையாகக் கிளம்பிவிட்டால் அக்கா கிடையாது, டீச்சர்தான். பெண்கள் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியையாகச் சேர்ந்த அன்றே வீட்டில் போட்ட சட்டம் அது. அதே கல்லூரியில் பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கும் பொன்னழகு அந்தச் சட்டத்தை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது மீறிவிடுவாள்.

முன்னால் இருந்த ஸீட்டில் இன்னும் மூன்று பெண்கள். தோல் மண்டிக்காரர் மகள் நர்கீஸ் ஜன்னலோரம். அடுத்து, நிலக்கோட்டையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் கருப்பம்மாள். ஓரத்தில் புஷ்பமேரி, விடியாத நேரத்திலேயே முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டாள். பொன்னழகையும் சேர்த்தால் நாலு பேர். கல்லூரியின் ஓட்டக் குழு என்பது அவ்வளவுதான். ஐந்தாவதாக ஒருத்தி இருந்தாள். தை மாதம் கல்யாணமாகி ஒட்டன்சத்திரம் போய்விட்டாள். ஓடிக்கொண்டிருந்தவளைப் பிடித்து உட்கார வைத்துப் பூ வைத்தார்கள் என்று மாயம்மாள் இன்னமும் அங்கலாய்ப்பாள்.

இரண்டு வருஷம் முன்னால் இந்தக் குழுவும் இல்லை. கல்லூரிக் கிணற்றைச் சுற்றி ஓடச் சொன்னதற்கே, பொம்பளைப் பிள்ளைகளை இப்படி ஓட விடலாமா என்று மூன்று கடிதங்கள் வந்தன. முழங்காலுக்குக் கீழே இறங்கும் தொளதொளக் கால்சட்டை தைத்துத் தரச் சொன்னால், கடைவீதித் தையற்காரர் இது சர்க்கஸ் கம்பெனிக்கா என்று கேட்டார். மாயம்மாள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆண்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓட்டத்துக்கு நேரம் பார்க்கும் கடிகாரத்தை இரவல் வாங்கி வந்தாள். சொந்தத் தங்கையைப் பஸ் ஏறவிடாமல், வேலங்குளத்திலிருந்து வரப்பு வழியாகக் கல்லூரி வரை தினமும் மூன்று மைல் ஓடவிட்டு, பின்னாலேயே சைக்கிளில் விசில் ஊதிக்கொண்டு வந்தாள்.

இன்றைக்கு மதுரையில் ஐந்து கல்லூரிப் பெண்களுக்குள் போட்டி. மைதானத்தில் வட்டமடிக்கிற ஓட்டமல்ல. வைகை மணல், வரப்பு, முள்ளு, வாய்க்கால் என்று குறுக்கே விழுந்து ஓடுகிற இரண்டு மைல். இதில் கணக்கு வேறு மாதிரி. முதலில் வருகிறவளுக்கு ஒன்று, பத்தாவதாக வருகிறவளுக்குப் பத்து. ஒரு கல்லூரியின் நாலு பேர் எண்களையும் கூட்டினால் எது குறைச்சலோ அந்தக் கல்லூரிக்கு வெற்றி. நாலில் ஒருத்தி முடிக்காவிட்டால் மற்ற மூன்று பேர் ஓடியதும் வீண்.

"முதல்ல வர்றவ இல்லடி, கடைசில வர்றவதான் நம்ம டீம்" என்று இரண்டு வருஷமாக இவர்களிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கே வாய் வலித்துவிட்டது. அப்படிச் சொல்லும்போதெல்லாம் எல்லோரும் புஷ்பமேரியைப் பார்ப்பார்கள். புஷ்பமேரி முறுக்கைப் பார்ப்பாள்.

பதினெட்டாவது தடவையாகக் கடிகாரத்தைப் பார்த்தாள் மாயம்மாள். ஓட்டத்தை நினைத்து அல்ல.

போன செவ்வாய்க்கிழமை நடந்தது அவள் மனசை விட்டுப் போகவில்லை. வேலங்குளத்துக் காளியம்மன் கோவிலில் உடையப்பன் கையில் காப்புக் கட்டினார்கள். மாயம்மாளுக்கும் பொன்னழகுக்கும் அப்பா. அகரத்துப் பக்கம் தக்காளியும் கத்தரியும் போடுகிற சம்சாரி. பங்காளி வீடுகளுக்குள் முறை சுற்றி வருகிற காப்பு அது. பதினோரு வருஷம் முன்னால் அவர் முறை வந்தபோது வீட்டில் ஒரு சாவு விழுந்து, தீட்டென்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. இருபத்திரண்டு வருஷமாகக் காத்திருந்த மனுஷர். மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறியதும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

காப்புக் கட்டிய எட்டு நாளும் அந்த வீட்டு ஆட்கள் இரவில் ஊர் எல்லைக்கு வெளியே இருக்கக் கூடாது. பகலில் எங்கு வேண்டுமானாலும் போகலாம். விளக்கு வைக்கும் நேரத்தில் எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் ஆண்டிச்சாமி மூன்று சுற்றுக் கொட்டடிப்பார். மூன்றாம் சுற்றின் கடைசி அடி விழுவதற்குள் காப்பு வீட்டார் எல்லோரும் கல்லைத் தாண்டி உள்ளே வந்திருக்க வேண்டும். ஒருத்தர் தவறினாலும் கயிற்றைக் கழற்றி அடுத்த பங்காளிக்குக் கட்டிவிடலாம் என்பது ஊர்க் கட்டு.

இது அந்த ஊரில் பிறந்த மாயம்மாளுக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும் தப்புச் செய்தாள். போட்டித் தேதிக்குச் சம்மதம் கேட்டு மதுரையிலிருந்து கடிதம் வந்தபோது, போன வருஷத்து டைரியைப் புரட்டினாள். காப்புக் கட்டு, மார்ச் ஒன்பது என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. இந்த வருஷமும் மார்ச்சில்தான் என்று நினைத்து, பிப்ரவரி இருபத்தைந்துக்குச் சரி என்று எழுதிப் போட்டுவிட்டாள். மாசி அமாவாசை கழிந்த முதல் செவ்வாய்க்குத்தான் காப்பு என்பதும், அமாவாசை டைரியைப் பார்த்து வராது என்பதும் அப்போது தோன்றவில்லை.

"அம்மனுக்கே இங்கிலீஷ் தேதி குடுத்திருக்கா எம்மக," என்று அம்மா ராமுத்தாய் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது சிரிப்பில்லை.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. இன்று அதிகாலை கிளம்பும்போது மட்டும் வாசலில் வந்து நின்றார். "பொழுது இறங்குறதுக்குள்ள வந்துருங்க ஆத்தா," என்றார். அவ்வளவுதான். மாயம்மாள் தலையாட்டினாள். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

காலை பத்து மணிக்கு ஓட்டம். பதினொன்றுக்கு முடிந்துவிடும். பகல் பஸ்ஸைப் பிடித்தால் மூன்று மணிக்கு வீடு. பார்க்கப்போனால் பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் பத்து மணிக்குத் தலைமை விருந்தினர் வரவில்லை.

பதினொன்றுக்கும் வரவில்லை. வைகைக் கரையில் பந்தல் போட்டு, மேஜை விரிப்பின் மேல் கோப்பைகளை வரிசையாக அடுக்கி, நாற்காலிகளை எல்லாம் துடைத்துவிட்டார்கள். உட்காரத்தான் ஆள் வரவில்லை. போட்டியை நடத்திய பேராசிரியரிடம் மாயம்மாள் மூன்று தடவை போனாள். முதல் தடவை அவர் சிரித்தார். இரண்டாம் தடவை, பெரியவர் கொடியசைக்காமல் எப்படி ஆரம்பிப்பது என்றார். மூன்றாம் தடவை, ஆண்கள் ஓட்டம் முதலில், பெண்கள் ஓட்டம் அதற்கப்புறம் என்று புதிதாக ஒரு சேதி சொன்னார்.

மாயம்மாளால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. பந்தலுக்கும் மரத்தடிக்குமாக நடந்தாள். பெண்களை நிழலில் உட்கார வைத்தாள், எழுப்பி நடக்க வைத்தாள், மறுபடி உட்காரச் சொன்னாள். மற்ற கல்லூரி டீச்சர்கள் தூக்குவாளியைத் திறந்து நிம்மதியாகத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"திரும்பிப் போயிரலாமா?" என்று பொன்னழகு மெதுவாகக் கேட்டாள். இந்தத் தடவை அக்காவும் இல்லை, டீச்சரும் இல்லை.

மாயம்மாளுக்கு ஒரு நிமிஷம் ஆமாம் என்று சொல்லத்தான் தோன்றியது. ஆனால் கல்லூரி முதல்வர் அம்மாள் நேற்று அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னதும் காதில் இருந்தது. நாலு பேரும் ஓடி முடிக்க வேண்டும். ஒவ்வொரு பெண்ணையும் டீச்சரே பெற்றவர்கள் கையில் ஒப்படைக்க வேண்டும். ஒரு புகார் வந்தாலும் இந்த ஓட்டமும் கால்சட்டையும் இந்த வருஷத்தோடு சரி. கிணற்றைச் சுற்றி ஆரம்பித்து இங்கே வரைக்கும் கொண்டுவந்ததை ஓடாமலே கலைத்துவிட்டுப் போவதா?

"ஓடு. முடிச்ச கையோட கிளம்புவோம்," என்றாள்.

தலைமை விருந்தினர் ஒருவழியாக வந்து, ஆண்கள் ஓடி முடித்து, பெண்களுக்குக் கொடி அசைந்தபோது மணி இரண்டு இருபத்தைந்து.

இருபது பெண்கள் மணலில் இறங்கினார்கள். பாதிப் பேர் செருப்பில்லாத கால். மணல் சுட்டது. அக்கரையில் ஏறி, தோப்பைச் சுற்றி, மறுபடி மணலில் இறங்கி வரவேண்டும். அவர்கள் தோப்புக்குள் மறைந்ததும் மாயம்மாள் இரவல் கடிகாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அது ஓட்டத்தைக் காட்டியது. மணிக்கட்டில் இருந்தது பஸ்ஸைக் காட்டியது. இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டி போட்டன.

பொன்னழகு இரண்டாவதாக வந்தாள். வரப்பிலே வளர்ந்த கால், மணலில் கொஞ்சம் திணறிவிட்டது. நர்கீஸ் ஆறாவது. கருப்பம்மாள் ஒன்பதாவது. மூன்று பேரும் விழுந்து கிடந்த இடத்திலிருந்து எழுந்து ஆற்றைப் பார்த்தார்கள். பன்னிரண்டாவது பெண் வந்தாள். புஷ்பமேரியைக் காணோம்.

பிறகு தெரிந்தாள். வலது காலை விரல் நுனியில் ஊன்றி, நொண்டி நொண்டி, ஆனால் நிற்காமல் வந்தாள். இன்னொரு கல்லூரிப் பெண் பின்னாலிருந்து எட்டிப் பிடித்தாள். இருவரும் ஒரே நேரத்தில் கயிற்றில் விழுந்தார்கள். யார் முந்தி என்று அங்கே இருந்த யாருக்கும் தெரியவில்லை.

குதிகாலில் வேல முள் பாதி உள்ளே போயிருந்தது. அந்த முள்ளோடு முக்கால் மைல் ஓடியிருக்கிறாள்.

"நிப்போமான்னு நெனச்சேன் டீச்சர். நாலாவது ஆளு நின்னுட்டா மூணு பேரு ஓடுனதும் தண்டமாச்சேன்னு ஓடியாந்துட்டேன்," என்றாள் புஷ்பமேரி. அழுகையும் சிரிப்புமாக இருந்தது. மாயம்மாள் முள்ளைப் பிடுங்கிவிட்டு, ரத்தம் வடிகிற அந்தக் காலைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். டீச்சர் என்ற சட்டமெல்லாம் அந்த நேரத்தில் மறந்துபோயிற்று.

முடிவு அறிவிக்க ஒரு மணி நேரமாகும் என்றார்கள். தலைமை விருந்தினர் பேசிய பிறகுதான் கோப்பை. புஷ்பமேரி பதின்மூன்றாவதாக இருந்தால் திண்டுக்கல் முதலிடம், பதினான்காக இருந்தால் இரண்டாமிடம் என்று நர்கீஸ் விரலில் எண்ணிச் சொன்னாள். கோப்பை மேஜையில்தான் இருந்தது. கண்ணுக்கு நேரே இருந்தது. மாயம்மாள் அதைப் பார்க்காமல் பெண்களைக் கூட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.

மூன்றே முக்கால் பஸ். சரியாகப் போனால் ஐந்தரைக்குத் திண்டுக்கல். கொடைரோடு தாண்டியதும் டயர் வெடித்தது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு ஒரு பீடியைப் பற்ற வைத்தார். அவர் அதை முடிக்கும்வரை சக்கரத்தை யாரும் தொடவில்லை. மாயம்மாளுக்கு அந்தச் சக்கரத்தைத் தானே கழற்றி மாட்டிவிடலாம் என்று கை பரபரத்தது.

திண்டுக்கல்லில் இறங்கியபோது ஆறு அடிக்க ஏழு நிமிஷம். வேலங்குளம் வழியாகப் போகும் பஸ் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. இனி ஏழு மணிக்குத்தான்.

நர்கீஸின் அப்பா ஜட்கா வண்டியோடு நின்றிருந்தார். கருப்பம்மாளைத் தேடி ஹாஸ்டல் வார்டன் வந்திருந்தாள். இரண்டு பேரையும் ஒப்படைத்தாயிற்று. புஷ்பமேரிக்கு யாரும் வரவில்லை. அவள் அம்மா செபாஸ்தியம்மாள் ஆஸ்பத்திரியில் ஆயா, வேலை முடிந்து ஆறு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவாள்.

மாயம்மாள் தங்கையின் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "தினம் வர்ற வழிதான். வயக்காட்டுல ஆளுக இருப்பாக, பயம் இல்ல. ஓடு."

"நீ?"

"இவள வீட்டுல விட்டுட்டு வாரேன்."

"கொட்டுக்குள்ள வந்துருவியா?"

"நீ ஓடு முதல்ல."

பொன்னழகு பாவாடையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினாள். பஸ் நிலையத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நர்கீஸின் அப்பா நல்ல மனுஷர். புஷ்பமேரியையும் ஜட்காவிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவதாகச் சொன்னார். புஷ்பமேரியும், "நான் போயிக்கிறேன் டீச்சர், நீங்க ஓடுங்க," என்றாள். மாயம்மாளுக்கு மனசு அடித்துக்கொண்டது. இப்போதே கிளம்பினால் கொட்டுக்குள் போய்விடலாம். ஆனால் செபாஸ்தியம்மாள் முந்தாநாள் இவள் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள்: "தகப்பன் இல்லாத புள்ள. நீங்க கூட்டிட்டுப் போறீக, நீங்கதான் கொண்டாந்து விடணும்." சரி என்று தலையாட்டியது இதே மாயம்மாள்தான். அப்பாவுக்குத் தலையாட்டியதும் அவள்தான். எந்தத் தலையாட்டலை மீறினாலும் பெரிய இடியாகத்தான் விழும்.

புஷ்பமேரியைக் கைத்தாங்கலாக ஜட்காவில் ஏற்றித் தானும் ஏறிக்கொண்டாள்.

சர்ச்சுக்குப் பின்னால் வீடு. செபாஸ்தியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். மகள் காலைப் பார்த்ததும் முகம் மாறியது. மாயம்மாள் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். முள்ளோடு ஓடினாள், நிற்காமல் முடித்தாள், தப்பு என் மேல்தான், காலையில் வந்து பார்க்கிறேன். செபாஸ்தியம்மாள் காலையும் பார்த்தாள், டீச்சரையும் பார்த்தாள். புகார் வருமா வராதா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நின்று தெரிந்துகொள்ள மாயம்மாளுக்கு நேரமும் இல்லை.

மணி ஆறு ஐந்து. சைக்கிள் கல்லூரியில் இருந்தது. அதை எடுக்கப் போனால் கால் மணி நேரம் போய்விடும். அந்தச் சந்திலிருந்து வயல் வழியாக வேலங்குளம் மூன்று மைலுக்குச் சற்றுக் குறைச்சல்.

மாயம்மாள் சேலையை வரிந்து கட்டினாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். இருபத்தொன்பது வயசில், இரண்டு வருஷமாக ஊரார் பிள்ளைகளை ஓட வைத்தவள், முதல் தடவையாகத் திண்டுக்கல் வீதியில் ஓடினாள்.

முதல் அரை மைலில் மூச்சு தொண்டையை அறுத்தது. கை வீசு, வாயை மூடு, மேலே பார் என்று பெண்களிடம் எவ்வளவு சுலபமாகச் சொன்னோம் என்று வெட்கமாக இருந்தது. இனி யாரையும் நிற்காதே என்று அதட்டக் கூடாது என்று தோன்றியது. அடுத்த நிமிஷமே, நிக்காதடி என்று தன்னையே அதட்டிக்கொண்டாள். வெங்காயத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒருவர் மண்வெட்டியோடு நிமிர்ந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். பதில் சொல்ல மூச்சில்லை. செருப்பு ஒன்று எங்கோ விழுந்தது. இன்னொன்றையும் போட்டுவிட்டாள்.

பொழுது இறங்கிவிட்டது. வாய்க்காலைத் தாண்டும்போது முதல் சுற்றுக் கொட்டுக் கேட்டது.

கால் மைல் இருந்தது. பொன்னழகு எப்போதோ போயிருப்பாள், அதுவரைக்கும் நிம்மதி. இரண்டாம் சுற்று ஆரம்பித்து முடிந்தது. கடைசி வரப்பில் ஏறியபோது எல்லைக் கல் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஊரே நின்றது. அப்பா எல்லோருக்கும் முன்னால், கல்லை ஒட்டி நின்றார். வெளியே வந்து கைகொடுக்கக் காப்புக் கட்டியவருக்கு அனுமதி இல்லை.

கல்லுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். பொன்னழகு.

மாயம்மாள் "உள்ள போடி!" என்று கத்த நினைத்தாள். காற்றுதான் வந்தது.

மூன்றாம் சுற்று தொடங்கிவிட்டது. பொன்னழகு உள்ளே போகவில்லை. எதிரே ஓடி வந்தாள். அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பி ஓடினாள். கல்லை நோக்கி இரண்டு பேரும் விழுந்தடித்து ஓடினார்கள். கொட்டு வேகமெடுத்தது, முடியப் போகிற வேகம். மாயம்மாள் கடைசியாக எம்பிக் காலை வீசினாள். அந்தக் கால் இன்னும் தரையைத் தொடாதபோது, கடைசி அடி அவள் காதில் விழுந்தது.

பிறகு இருவரும் கல்லுக்கு உள்ளே மண்ணில் கிடந்தார்கள்.

அப்புறம் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். கால் உள்ளே வந்த பிறகுதான் அடி விழுந்தது என்றார்கள் சில பேர். அடிதான் முந்தி என்றார்கள் அடுத்த முறைக்காரப் பங்காளி வீட்டார். ஆண்டிச்சாமியைக் கேட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டுதான் கொட்டு முடிப்பேன், எனக்குத் தெரியாது என்றார். பூசாரி சடையாண்டி உடையப்பனைப் பார்த்தார். கல்லுக்கு அருகில் நின்றது அவர்தான்.

உடையப்பன் பெரிய மகளைப் பார்த்தார்.

"யாரு முந்தி, யாரு பிந்தின்னு பாத்துச் சொல்றதுதான் ஒனக்கு வேலை," என்றார். "நீ சொல்லாத்தா."

மாயம்மாள் எழுந்து நின்றாள். அப்பாவின் மணிக்கட்டில் மூன்று நாள் மஞ்சள் இன்னும் புதுசாகவே இருந்தது. ஒரு வார்த்தை போதும். ஊரில் பாதிப் பேர் அந்த வார்த்தைக்குத்தான் காத்திருந்தார்கள். அவளைப் பொய்க்காரி என்று சொல்ல அங்கே யாரிடமும் சாட்சி இல்லை.

ஆனால் மதுரை மணலில் தன் பெண்களை நிறுத்தி, கயிற்றைத் தொடாமல் தொட்டேன் என்று சொல்கிறவள் என் டீமில் வேண்டாம் என்று சொன்னது இன்று காலைதான்.

"அடிதான் முந்திருச்சுய்யா," என்றாள். "எங்காலு அப்ப மேல இருந்துச்சு."

ராமுத்தாய் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு மூச்சு விட்டது எல்லோருக்கும் கேட்டது. மாயம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. ஓட்டத்தில் வராத அழுகை. இருபத்திரண்டு வருஷத்தை அரை அடியில் தட்டிவிட்டோமே என்று வந்த அழுகை.

உடையப்பன் தலையை அசைத்தார். "எனக்கும் அப்படித்தேன் தெரிஞ்சுச்சு," என்றார். பூசாரி முன்னால் கையை நீட்டினார், கயிற்றைக் கழற்றிக்கொள்ளச் சொல்லி.

சடையாண்டி தொடவில்லை. கட்டினது அம்மன், கழற்றுவதும் அவளைக் கேட்டுத்தான் என்றார். விடிந்ததும் பூக்கட்டிப் பார்ப்போம். சிவப்பும் வெள்ளையும் தனித்தனிப் பொட்டலம். வெள்ளை வந்தால் காப்பு இருக்கட்டும், சிவப்பு வந்தால் இறங்கட்டும். பங்காளி வீட்டார் முணுமுணுத்தார்கள். ஆனாலும் பூவுக்கு எதிராக யார் பேச முடியும்? கூட்டம் மெதுவாகக் கலைந்தது.

உடையப்பன் சின்ன மகள் பக்கம் திரும்பினார். கோபம் இப்போதுதான் வந்தது. "நீ காலு மணி நேரம் முன்னாடியே வந்துட்ட. உள்ள வந்து நிக்கிறதுக்கு என்ன?"

பொன்னழகு முழங்கால் ரத்தத்தைப் பாவாடையால் துடைத்தாள்.

"நான் மட்டும் உள்ள வந்தா கணக்குல சேராதுல்லய்யா. கடைசி ஆளு வந்தாத்தான டீம்."

உடையப்பனுக்கு அது புரிந்ததா என்று மாயம்மாளுக்குத் தெரியவில்லை. அவர் முன்னால் நடந்தார். மகள்கள் இரண்டு பேரும் பின்னால் நொண்டிக்கொண்டே வந்தார்கள். இரண்டு வருஷமாக, ஓட்டம் என்ற வார்த்தையை அந்த மனுஷர் வாயால் சொன்னதில்லை. கோவில் வேம்புக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார்.

"பந்தயத்துல எத்தனாவது?"

மாயம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தெரியலய்யா. ஒண்ணாவதா இருக்கலாம், ரெண்டாவதா இருக்கலாம். அவுக சொல்றதுக்கு முன்னாடியே கெளம்பி வந்துட்டோம். நாளைக்குத் தபால்ல வரும்."

உடையப்பன் மணிக்கட்டைத் திருப்பிக் கயிற்றைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"அப்ப ஒனக்கும் நாளைக்கு, எனக்கும் நாளைக்கு," என்றார். "வாங்க, கஞ்சி ஆறுது."